ஏற்கெனவே பலமுறை அளக்கப்பட்ட மக்களிடம் மீண்டும் ஓர் ஊட்டச்சத்து ஆய்வு: நியாயம் உண்டா?

கேள்வி: உணவியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பொதுச் சுகாதாரத் துறையில் ஊட்டச்சத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மருத்துவமனை தொலைவிலும், வருமானம் நிலையற்றும், நல்ல உணவுப் பொருள்கள் எளிதில் கிடைக்காமலும் இருக்கும் ஒரு குடியிருப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் அவர்களுடைய தாய்மாரும் என்ன உண்கிறார்கள், குழந்தைகளின் வளர்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டறிவதே என் திட்டம். தாய்மாரிடம் முந்தைய நாள் உண்டதைக் கேட்டு எழுதுவது, குழந்தைகளின் உயரம், எடை, மேல்கைச் சுற்றளவு ஆகியவற்றை அளப்பது, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

களப்பணியைத் தொடங்கும் முன்பு அங்குள்ள பெண்களை ஒன்றாகச் சந்தித்து ஆய்வைப் பற்றி விளக்கினேன். யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால், பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்த ஒரு மூதாட்டி, "இந்தப் பிள்ளையின் அம்மாவையும் சிறு வயதில் இதே மாதிரிப் பலகையில் நிற்க வைத்து அளந்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். என்ன தெரிந்தது என்று இன்றுவரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. தகவலாகத்தான் சொன்னார். என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து சில கேள்விகள் என்னை விடாமல் துரத்துகின்றன. அந்தக் குடியிருப்பில் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது முந்தைய ஆய்வுகளிலேயே தெரிந்த செய்தி. நானும் அதையே இன்னொரு முறை கண்டுபிடித்து எழுதினால் யாருக்கு என்ன பயன்? ஒரு நாள் உணவைக் கேட்டு எழுதும் முறையை, உணவுக்கே உறுதியில்லாத வீடுகளில் எந்த அளவுக்கு நம்பலாம்? முடிவுகளை மக்களிடம் திருப்பிச் சொல்வது என்றால், நடைமுறையில் எப்படிச் சொல்வது? இத்தகைய களங்களில் பணியாற்றியவர்கள் தங்கள் கருத்தைக் கூறினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். திட்டத்தை மாற்றியமைக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.

மறுமொழி: அளவீட்டாளர்

உங்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உணவு அளவீடுதான் என் தொழில்.

முந்தைய நாள் உணவைக் கேட்டு எழுதும் முறை தவறானதன்று. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை தரும், எதற்குத் தராது என்பதில் தெளிவு வேண்டும். ஒரே ஒரு நாளைப் பதிவு செய்தால் ஒரு குழுவின் சராசரியை ஓரளவு சொல்லலாம். ஒரு தனிக் குழந்தையின் வழக்கமான உணவு இன்னது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. நாள்கூலி கிடைத்த மறுநாளும் வேலையில்லாத நாளும் ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு உணவுப் பழக்கங்களைப் போலத் தோன்றும். ஆகவே குறைந்தபட்சம் மாதிரியில் ஒரு பகுதியினரிடமாவது, தொடர்ச்சியில்லாத வேறொரு நாளில் மறுபடியும் கேட்க வேண்டும். அப்போதுதான் நாளுக்கு நாள் ஏற்படும் வேறுபாட்டையும் வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டையும் புள்ளியியல் முறையில் பிரித்தெடுக்க முடியும். அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் மட்டும் களத்துக்குப் போய்விட்டு அதை ஆண்டு முழுவதற்குமான நிலையாக எழுதும் ஆய்வுகள் ஏராளம். பஞ்ச மாதங்களைத் தவறவிட்ட ஆய்வு, பட்டினியைத் தவறவிட்ட ஆய்வு.

இன்னொன்று, மக்கள் தாங்கள் உண்டதைக் குறைத்துச் சொல்வது உலகெங்கும் உள்ள இயல்பு. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் கனமான அணு வகைகள் (ஐசோடோப்புகள்) கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு ஒருவர் செலவிட்ட ஆற்றலைக் கணக்கிடும் முறை 1980-களில் மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வந்தது. வாயால் சொன்ன உணவுக்கும் உடல் உண்மையில் செலவிட்ட ஆற்றலுக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் அப்பட்டமாகத் தெரிந்தது. வறுமையுள்ள இடங்களில் இந்தப் பிழை இரண்டு பக்கமும் சாயும். உதவி ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் குறைத்துச் சொல்வார்கள். பிள்ளைக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால் கூட்டிச் சொல்வார்கள். இரண்டையும் பொய் என்று பார்க்கக்கூடாது. கேட்பவர் யார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு பெண் எல்லோரும் உண்ட பிறகே தான் உண்டதையும், அப்போது பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருந்தது என்பதையும் மாமியார் எதிரில் சொல்லமாட்டார். தனியே கேளுங்கள்.

ஒரே தட்டில் பலர் உண்ணும் வீடுகளில் குழந்தையின் பங்கைக் கணக்கிடுவது மிகக் கடினம். அங்கே கலோரிக் கணக்கைப் போட்டு இரண்டு தசமப் புள்ளி வரை எழுதுவது வெறும் தோற்றம்தான். அதைவிட, உணவு வகைகளின் பன்மையை மட்டும் கேட்கும் எளிய அளவுகோல் நேர்மையானது. பெண்களுக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் அளவுகோலில் பத்து உணவுத் தொகுதிகள் உள்ளன. முந்தைய நாளில் அவற்றில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவற்றை உண்டவர்களின் விகிதம் எவ்வளவு என்பதே கணக்கு. இது ஒரு பெண்ணின் நிலையைத் தீர்ப்பதற்கு அல்ல, ஒரு குழுவின் நிலையை அறிவதற்கு. அதோடு உணவுப் பாதுகாப்பின்மையை அளக்கும் எட்டுக் கேள்விகளையும் அதே அமைப்பு தந்திருக்கிறது. உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கி, பணமோ வேறு வழியோ இல்லாமல் ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தீர்களா என்பதில் முடியும் கேள்விகள் அவை. என் அனுபவத்தில், தட்டில் இருந்ததை நூறு கேள்விகளால் துருவுவதைவிட இந்த எட்டுக் கேள்விகள் அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

மறுமொழி: பொதுச் சுகாதார மருத்துவர்

அளவீட்டாளர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாணவியின் முதல் கேள்விதான் அடிப்படையானது. தெரிந்ததையே மீண்டும் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? அதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லித்தான் விடை தர முடியும் என்று நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலக்ரா என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், பிறகு மரணம். அது தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1914-இல் அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை இதை ஆராயும் பொறுப்பை மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கரிடம் ஒப்படைத்தது. விடுதிகளில் தங்கியிருந்தவர்களுக்கு நோய் வந்தது. அவர்களைப் பார்த்துக்கொண்ட பணியாளர்களுக்கு வரவில்லை. தொற்றாக இருந்தால் இப்படிப் பிரித்துப் பார்க்குமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அனாதை விடுதிகளில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் மறைந்தது.

பெரும்பாலானோர் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. 1916-இல் கோல்ட்பர்கர், எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளியல் அறிஞரைச் சேர்த்துக்கொண்டு, தென் கரோலினாவில் ஏழு பருத்தி ஆலைக் கிராமங்களுக்குப் போனார். வீடு வீடாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சென்று நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதே நேரத்தில் ஒவ்வொரு குடும்பமும் என்ன பொருள் வாங்கியது, எவ்வளவு சம்பாதித்தது என்பதையும் பதிவு செய்தார்கள். வருமானம் ஏற ஏற நோய் குறைந்தது. அதைவிட முக்கியமாக, வருமானம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்த கிராமங்களிலேகூட, புதிய இறைச்சியும் பாலும் காய்கறிகளும் வாங்கக் கிடைத்த கிராமத்தில் நோய் குறைவாகவும், சுற்றிலும் பருத்தியைத் தவிர வேறெதுவும் பயிரிடப்படாத கிராமத்தில் அதிகமாகவும் இருந்தது. எந்தச் சத்து குறைந்தது என்பதை உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஹெம் கண்டறிந்தது 1937-இல்தான். கோல்ட்பர்கர் 1929-லேயே இறந்துவிட்டார். சத்தின் பெயர் தெரியாத காலத்திலேயே, கூலியும் நிலமும் கடையும் நோயோடு எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதை அந்த ஆய்வு நிறுவிவிட்டது.

தங்கை, உங்கள் திட்டத்தில் எல்லா அளவுகோல்களும் தாயையும் குழந்தையையும் நோக்கியே இருக்கின்றன. அளக்கும் இடம் எதுவோ அந்த இடத்திலேயே குறையும் இருப்பதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். தாயின் சமையலை அளந்தால், தாய்க்கு அறிவுரை சொல்லுங்கள் என்ற பரிந்துரையில்தான் ஆய்வேடு முடியும். கூலி எப்போது வருகிறது, சத்தான பொருள் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, தாய் வேலைக்குப் போகும்போது குழந்தைக்கு யார் ஊட்டுகிறார்கள், பொது வழங்கலில் என்ன வருகிறது, என்ன வரவேண்டியது வராமல் போகிறது என்பவற்றையும் சேர்த்து அளந்தால், உங்கள் ஆய்வு முந்தைய ஆய்வுகளின் நகலாக இருக்காது. குழந்தைகள் குட்டையாக இருக்கிறார்கள் என்பது தெரிந்த செய்தி. இந்தக் குடியிருப்பில் அது எந்த வழியாக வருகிறது என்பது தெரியாத செய்தி.

மறுமொழி: களத்தில் ஒருவர்

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். வழி தெரியாமல் யாரும் இல்லை. வறுமைதான் காரணம் என்பது 1916-லேயே நிறுவப்பட்டுவிட்டது என்று மருத்துவரே சொல்கிறார். நூறு ஆண்டுகள் கடந்து அதையே மறுபடி அளப்பதற்கு ஆகும் செலவில், அந்தக் குழந்தைகளுக்கு நேரடியாகச் சத்துணவும் இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கலாம். ஆய்வு முடிந்து, ஆய்வேடு எழுதி, கட்டுரை வெளியாகும் வரை ஒரு குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகள் காத்திருக்காது. அந்த வயதில் இழந்த வளர்ச்சியின் பெரும்பகுதியைப் பிறகு மீட்க முடியாது என்பதையும் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள்தானே சொன்னார்கள்? மக்கள் கேட்பது உணவு. நாம் கொண்டு போவது கேள்வித்தாள்.

மறுமொழி: பொதுச் சுகாதார மருத்துவர்

ஐயா, உங்கள் அவசரத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. பசித்த குழந்தைக்கு உணவு கொடுக்க எந்த ஆய்வும் தேவையில்லை. ஆனால் நீங்கள் உணவோடு இரும்புச்சத்து மருந்தையும் சேர்த்துச் சொன்னீர்கள். அங்கேதான் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் மலேரியா கடுமையாகப் பரவியிருந்த காலத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நாள்தோறும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துச் சோதித்தார்கள். இரத்தசோகை அந்தக் குழந்தைகளிடம் பரவலாக இருந்தது; இரும்புச்சத்து கொடுத்தால் நன்மைதான் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதைப் பெற்ற குழந்தைகள் இறப்பதற்கோ கடும் நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கோ உள்ள வாய்ப்பு 12 விழுக்காடு அதிகமாக இருந்தது. சோதனையின் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2006-இல் வெளியாயின. மலேரியா பரவும் பகுதிகளில், அதைத் தடுக்கவும் கண்டறிந்து சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உள்ள இடத்தில்தான் இரும்புச்சத்து கொடுக்க வேண்டும் என்ற இன்றைய வழிகாட்டுதலுக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லாமல் அதே மருந்தை நல்லெண்ணத்தோடு வழங்கியிருந்தால், அந்த மரணங்கள் மலேரியாவின் கணக்கில் போயிருக்கும், எவருக்கும் தெரிந்திருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சோமர் கண்நோயைத்தான் ஆராயப் போனார். மாலைக்கண் போன்ற இலேசான அறிகுறிகள் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோவதை, திரட்டிய தரவைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தார். பிறகு அச்சே பகுதியில் 450 கிராமங்களில் நடத்திய சோதனையில், வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1986-இல் அது வெளியானபோது பலர் நம்ப மறுத்தார்கள். பிற நாடுகளில் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகுதான் அது பொதுச் சுகாதாரக் கொள்கையாக மாறியது.

நாம் உறுதியாக நம்பியது பொய்த்துப்போனதும் உண்டு. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் நடந்த மூன்று பெரும் சோதனைகளின் முடிவுகள் 2018, 2019 ஆண்டுகளில் வெளியாயின. நல்ல குடிநீர், கழிப்பறை, கைகழுவும் வசதி ஆகியவற்றை வீட்டளவில் அமைத்துக் கொடுத்தால் குழந்தைகளின் உயரம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். கூடவில்லை. துணை உணவு பெற்ற குழந்தைகளிடம் சிறிதளவு முன்னேற்றம் தெரிந்தது. அதனால் சுகாதார வசதிகள் வீண் என்று பொருளன்று. அவை மனிதனின் உரிமை. அழுக்கு மிகுந்த சூழலில் ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும் எளிய வசதிகள் குழந்தையின் குடலைக் காக்கப் போதவில்லை என்பதே அதிலிருந்து கிடைத்த பாடம். உங்கள் கேள்வி கொடுப்பதா, ஆராய்வதா என்று இருக்கிறது. எதைக் கொடுப்பது என்று முடிவெடுப்பதற்காக ஆராய்கிறோம் என்று அதை மாற்றிக் கேட்டால், மாணவியின் குழப்பத்துக்கும் பாதி விடை கிடைத்துவிடும். முடிவு எப்படி வந்தாலும் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை என்றால், அந்த ஆய்வைச் செய்ய வேண்டாம்.

மறுமொழி: சமுதாயச் செவிலியர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் மேல்கைச் சுற்றளவு எடுக்கப் போகிறீர்கள் அல்லவா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு, கையைச் சுற்றி அளக்கும் நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால், அது கடுமையான மெலிவு. அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டும், அன்றைக்கே வேண்டும். உங்கள் பதிவேட்டில் அது ஓர் எண்ணாக உட்கார்ந்துகொண்டு, தரவை அலசும் நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது. ஆகவே முதல் குழந்தையை அளக்கும் முன்பே, இப்படி ஒரு குழந்தை கண்ணில் பட்டால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள், வண்டிச் செலவு யாருடையது, தாய் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் மற்றப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் பேசி முடித்துவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் படிவத்தில் "பரிந்துரைக்கப்படும்" என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்கு ஒரு முகவரியும் ஒரு வண்டியும் இல்லாவிட்டால் அதனால் குழந்தைக்குப் பயனில்லை. இரத்தசோகைக்கும் இதேதான்.

குழந்தையின் இடது கையை மடக்கித் தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே குறித்துக்கொண்டு, பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நாடாவைத் தோல் சுருங்காமலும் இடைவெளி விழாமலும் சுற்ற வேண்டும். அழுகிற குழந்தை கையை இறுக்கிக்கொள்ளும்; அப்போது எடுக்கும் அளவை நம்பாதீர்கள். தாயின் மடியிலேயே வைத்து எடுங்கள். முடிந்தால் நாடாவைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நைஜர் நாட்டில் தாய்மாருக்கே இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு இணையாக அவர்கள் செய்தார்கள். குழந்தைகள் நோய் முற்றுவதற்கு முன்பே சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள். நீங்கள் போன பிறகும் நாடா அங்கேயே இருக்கும். நாடாவில் தெரியும் நிறத்தைப் பார்த்தாலே போதும், எண் படிக்கத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

முடிவுகளைத் திருப்பிச் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு குழந்தையின் அளவையும் அளந்த அதே நேரத்தில் தாயிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். பலர் முன்னிலையில் சொல்லாதீர்கள். "குட்டை", "நோஞ்சான்" என்ற சொற்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அந்தப் பெயர் அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். குடியிருப்பு முழுமைக்குமான முடிவைக் கூட்டத்தில் சொல்லலாம். அப்போது சதவீதக் கணக்கைவிட, பத்துக் குழந்தைகளில் எத்தனை பேர் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். சொல்லி முடித்தவுடன் எழுந்து வந்துவிடாமல், இது ஏன் இப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். அந்த விடைகளையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். நான் பணியாற்றிய இடமொன்றில், காலையில் தண்ணீருக்கு நிற்கும் நேரமும் குழந்தைக்கு ஊட்டும் நேரமும் ஒன்றாக இருப்பதை ஒரு தாய்தான் எடுத்துச் சொன்னார். எங்கள் கேள்வித்தாளில் அதற்கு இடமே இருக்கவில்லை.

மறுமொழி: உணவியல் மாணவி

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்ட கேள்வியை என் வழிகாட்டியிடம் அப்படியே வைத்தேன். இந்த ஆய்வின் முடிவால் யார் எந்த முடிவை மாற்றிக்கொள்வார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். அந்தப் பகுதியில் துணை உணவு வழங்கும் மையம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் இயங்க வேண்டும் என்பதை வட்டாரச் சுகாதார அலுவலகம் மறுபரிசீலனை செய்யவிருக்கிறது. ஆகவே குழந்தைகளுக்கு உணவு எப்போது, யாரால் ஊட்டப்படுகிறது, மையத்துக்கு யார் வருகிறார்கள், யார் ஏன் வருவதில்லை என்பதை மையமாக வைத்துத் திட்டத்தை மாற்றி எழுதி வருகிறேன். கலோரிக் கணக்கை விட்டுவிட்டு உணவுப் பன்மையையும் உணவுப் பாதுகாப்பின்மைக் கேள்விகளையும் வைத்துக்கொள்கிறேன். திருத்திய திட்டம் மறுபடியும் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். விரல் நுனி இரத்தத்தை எடுக்கும்போது, சில சொட்டுகளைத் தாளில் உலர்த்திப் பாதுகாத்தால் பிற்காலத்தில் வேறு நுண்சத்துகளையும் சோதிக்கலாம் என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் "எதிர்கால ஆய்வுகளுக்காக" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறார்கள். போதுமா?

மறுமொழி: பொதுச் சுகாதார மருத்துவர்

போதாது என்பதே என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் ஹவாசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள், தங்களிடம் பெருகிவந்த நீரிழிவு நோய்க்குக் காரணம் தெரியட்டும் என்று 1990-களில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தத்தை மனநோய் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தியது பின்னர் தெரிய வந்தது. வழக்கு நீண்ட காலம் நடந்து 2010-இல் சமரசத்தில் முடிந்தது; இழப்பீட்டோடு, மீதமிருந்த இரத்த மாதிரிகளும் அந்த மக்களிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டன. படிவத்தில் இருந்தவை பொதுவான சொற்கள்தாம். மக்கள் புரிந்துகொண்டது நீரிழிவு மட்டுமே.

கனடாவில் நடந்தது இதைவிடக் கொடியது. 1948 முதல் 1952 வரை பழங்குடிக் குழந்தைகளின் உறைவிடப் பள்ளிகளில் ஊட்டச்சத்துச் சோதனைகள் நடந்தன. அக்குழந்தைகள் அரைவயிற்று உணவில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தே, அந்தப் பசியை ஆய்வுக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு பள்ளியில், ஒப்பிடுவதற்கு அடிப்படை அளவு வேண்டும் என்பதற்காக, போதாத பாலை ஈராண்டுகள் கூட்டாமலே வைத்திருந்தார்கள். முடிவுகள் குலைந்துவிடும் என்று பல் சிகிச்சையையும் நிறுத்தினார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. வரலாற்றாசிரியர் இயன் மோஸ்பி 2013-இல் இதை வெளிக்கொண்டு வந்தார். அந்நாட்டின் பழங்குடி மக்கள் தங்கள் தரவின் உடைமையும் கட்டுப்பாடும் தங்களுக்கே உரியவை என்று விதி வகுத்துக்கொண்டிருப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிகளான ஹெல்சிங்கி அறிக்கையின் 2013 பதிப்பு, நலிவுற்ற மக்களிடம் செய்யும் ஆய்வு அவர்களுடைய தேவைக்கோ முன்னுரிமைக்கோ விடையளிப்பதாகவும், அதன் பயன் அவர்களைச் சேர்வதாகவும் இருந்தால்தான் நியாயம் என்கிறது. உலர்ந்த இரத்தத்தை என்ன செய்யப் போகிறோம் என்று நமக்கே தெரியாத நிலையில், அது அவர்களுடைய தேவைக்கானது என்று எப்படிச் சொல்ல முடியும்? சேமிக்க வேண்டாம். பின்னர் உண்மையிலேயே ஒரு கேள்வி எழுந்தால், திரும்பப் போய்க் கேட்டு எடுங்கள்.

மறுமொழி: சமுதாயச் செவிலியர்

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பதாக இருந்தால் கருவி அங்கேயே எண்ணைக் காட்டிவிடும். தாயும் அதைப் பார்க்கட்டும். பயன்படுத்திய சிறு கலத்தைக் கழிவுப்பெட்டியில் போடுவதையும் அவர் கண்ணெதிரே செய்யுங்கள். இரத்தம் எங்கே போனது என்ற கேள்வி பிறகு எழாது.

முடிவுகளைச் சொல்லும் கூட்டத்தை ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதற்குள் உங்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும், நிதியும் முடிந்திருக்கும். அளவெடுக்கும் பணி முடியும் மாதத்திலேயே நாளைக் குறித்து, இடத்தையும் பேசி, ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் வர முடியாமல் போனால் யார் வந்து சொல்வார்கள் என்ற பெயரும் அதற்குக் கீழே இருக்கட்டும்.